அக்காவின் கம்ப்யூட்டருக்குப் போட்ட செட்டிங்

மருந்துக் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் தம்பி. ஆர்டர்களைப் பதிவு செய்தவள் அவனுடைய சொந்த அக்கா. உறவுக்காரி என்று சலுகை காட்டுவதாக யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று, மற்றவர்களை ஒரு சொல் கடிந்தால் அவளை இரண்டு சொல் கடிவான்.

அக்காவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கிடங்கின் கணக்கெல்லாம் பின்னறையில் யூனிக்ஸ் என்ற சிஸ்டத்தில் ஓடிய பெரிய இயந்திரத்தில். திரையும் கீபோர்டும் மட்டுமே உள்ள பழைய டெர்மினல் ஏதாவது ஒன்றைப் போல நடித்தால்தான் புதியது அதனோடு பேச முடியும். எதைப் போல என்று செட்டிங்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் போட்ட வகையில் திரையிலிருந்த கட்டங்களின் கோடுகளெல்லாம் க்யூ, எக்ஸ் என்று எழுத்துகளாகக் கொட்டின. அடுத்ததில் கோடுகள் அழகாக நின்றன. "முடிஞ்சுதுக்கா" என்று எழுந்துவிட்டான். ஒரு கீயைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை.

மறுநாளே ஓர் ஆஸ்பத்திரிக்கு இன்சுலின் போகாமல் நின்றது. புதுக் கம்ப்யூட்டரில் அக்கா பதிந்ததாகச் சொன்ன முதல் ஆர்டரையே காணோம்.

"சேவ் பண்ற கீயைத்தான்டா அழுத்தினேன்."

"அழுத்தியிருந்தா எங்க போச்சுக்கா? காக்கா தூக்கிட்டுப் போச்சா? கண்ணைத் தொறந்து வேலை பாரு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் அவள் சாப்பிடப் போனபோது அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓர் ஆர்டரை அடித்து, சேவ் கீயை அழுத்தினான். ஆர்டர் மாயமாகிவிட்டது. அவன் போட்ட செட்டிங்கில், அந்தக் கீ அனுப்பியதை இயந்திரம் 'ரத்து' என்று புரிந்துகொண்டிருக்கிறது! செட்டிங்கை வி.டி.220 என்ற டெர்மினல் வகைக்கு மாற்றினான், எல்லாம் ஒழுங்காகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பூனை போல எழுந்து போய்விட்டான்.

சாயங்காலம் அக்காவே அவனைத் தேடி வந்தாள்.

"இப்ப எல்லாம் சரியா விழுதுடா. நான்தான் எதையோ மாத்தி அழுத்தியிருப்பேன் போல. மேனேஜர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன்."

அவனுக்குக் காது மடல்வரை சுட்டது. இதற்கு மேல் விழுங்க முடியவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கச் சொன்னான்:

"அக்கா மேல தப்பில்ல சார். செட்டிங்கைத் தப்பாப் போட்டவன் நான். மத்தியானமே தெரிஞ்சுபோச்சு. மாத்திட்டு வாயை மூடிக்கிட்டேன்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார் மேனேஜர். அதுகூட அவனுக்கு லேசாகத்தான் இருந்தது. கிளம்பும்போது கிடங்கு வாசலில் அக்கா நிறுத்தினாள்.

"மத்தியானமே தெரியும்னியே. அப்போ நான் மேனேஜர் ரூமுக்குள்ள போறதைப் பாத்துக்கிட்டுதான் இருந்தியா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும், கடைசிவரை நின்றுகொண்டே வந்தாள்.