ஐந்தாவது வரி

என் மாமனார் எமிலியானுசைப் பார்க்க வருகிறவர்கள் கண் கலங்கித்தான் திரும்புவார்கள். பாரிசவாதம் விழுந்து பேச்சு முழுதாகப் போய்விட்டது. சிறுவயதில் மனப்பாடம் செய்த சிலுவைப் புலம்பலில், ஆண்டவர் சிலுவையில் தொங்கியபடி சொன்ன ஏழு வரிகள் மட்டும் ராகம் பிசகாமல் வரும். வேறு ஒரு சொல்லும் வராது. "புண்ணியவான், அன்ரோனெற். நீ குடுத்து வைச்சனி" என்று போன கிழமையும் பெற்றிசியா மாமி சொல்லி, என் குசினியில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

புண்ணியவானின் கைவரிசை என் கெண்டைக்காலில் தழும்பாக இருக்கிறது.

அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்கு முந்திய தவக்காலம். எனக்கு எட்டு வயது. எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் அப்போது அவர்தான் கோயிலில் செபமும் பாட்டும் பழக்குகிற உபதேசியார். பெரிய வெள்ளிக்கு அவர் ஒரு வரி பாட, சிறுமிகள் நாங்கள் பதில் வரி பாட வேண்டும். ஐந்தாவது வரியில் ஆண்டவர் தாகம் என்பார். பதிலில் கல்நெஞ்சர் காடி கொடுப்பார்கள். அந்தப் பதிலை நான் மறந்துவிட்டேன். கருவாடு காயும் சுடுமணலில் முழங்காலில் நிறுத்தினார். தண்ணீர் கேட்டேன். "பாடினால் தண்ணி" என்று திருக்கை மீன் வாலால் அடித்தார். மயங்கி விழுந்தேன். அம்மா வந்து, அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். பிறகு அவருடைய மகன் டொமினிக்குக்கே என்னைக் கட்டியும் கொடுத்தாள்.

எனக்கு அவரிடம் வேண்டியது ஒன்றுதான். செய்தது பிழை என்று ஒரு சொல். நன்றாக இருந்த காலத்தில் கேட்டபோது சிரித்தார். "அடிச்சபடியாலைதானே இண்டைக்கும் மறக்கேல்லை" என்றார்.

நேற்று மத்தியானம் டொமினிக் கடலுக்குப் போயிருந்தார். தண்ணீர்க் கோப்பையுடன் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"மாமா, பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. வாயாலை வராட்டில் தலையை ஆட்டுங்கோ, அது காணும்."

தலையை ஆட்ட அவரால் முடியும். கஞ்சி போதும் என்பதற்கு ஆட்டுவார். இதற்கு ஆட்டவில்லை. கோப்பையைப் பார்த்தபடி ஐந்தாவது வரியைப் பாடினார்.

"தாகத்தால் என் நாவு வறண்டதே..."

அவர் முடிக்குமுன் என் வாய் தானாகத் திறந்தது.

"காடியைக் கொடுத்தாரே கல்நெஞ்சர்..."

பாடவேண்டுமென்று நான் நினைக்கவேயில்லை. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் பாடினேன். எழும்பிக் குசினிக்குப் போனேன். மீனுக்கு ஊற்றுகிற வினாகிரிப் போத்தலை எடுத்துவந்தேன். காடி என்றால் அதுதானே. ஒரு கரண்டி ஊட்டினேன்.

இருமினார். கண்ணால் நீர் வடிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்லமாட்டேன். இனியாவது தலையை ஆட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மூச்சு வாங்கி, என் முகத்தை நேரே பார்த்து, முதலாவது வரியைப் பாடினார்.

"அறியாமற் செய்தார், பொறுத்தருளும் பிதாவே..."

பொறுக்கிறாராம். அவர் என்னைப் பொறுக்கிறாராம்!

கோப்பைத் தண்ணீரை அவர் கண் முன்னாலேயே யன்னலுக்கு வெளியே ஊற்றினேன்.

"பிழை, மாமா. அது முதலாவது. ஐந்தாவதைப் பாடுங்கோ. பாடினால் தண்ணி."

அவர் பாடத் தொடங்கினார். பதில் வரி என் வாயில் ஆயத்தமாக இருந்தது. போத்தல் கையில் இருந்தது.