பாதிக்கு ஏறிய முள்

கீதாவின் காரை நின்ற இடத்தில் ஓடவிட்டால் சுத்தமாகத்தான் இருந்தது. ஓடிவிட்டு வந்தால்தான் பெட்ரோல் வாடை அடித்தது. சைலன்சர் வாயில் விரலை விட்டு எடுத்தால் கண்மை மாதிரி கரி ஒட்டியது. மற்ற வண்டிகள் காலையில் கிளப்பும்போது புகை விடும், சூடேறியதும் அடங்கிவிடும். இது தலைகீழாக இருந்தது. கீதா அதை நோட்டில் எழுதினாள். எழுதிய பிறகு, நாம்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்ற சந்தேகத்தில் மறுநாளும் பார்த்தாள். அதே கரி. மறுபடியும் எழுதினாள்.

கருஞ்சிவப்பு ஐகான், 1.6 எஞ்சின். மறைமலை நகரில் செய்த வண்டி, இருபது வயது. சாலவாக்கத்து ரைஸ்மில்காரரிடமிருந்து ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் வாங்கியபோது அது வெறும் பழைய கார். இன்று மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும். முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றி, வளைவில் சாயாமல் இருக்கக் கம்பி போட்டு, காற்று தாராளமாகப் போகக் கூம்பு ஃபில்டர் மாட்டியது எல்லாம் அவளே. ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்குவாள். அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லிவிடும் ஸ்பேனர் அது. உத்திரமேரூரில் அவளைத் தவிர வேறு யாரிடமும் அது இல்லை என்பது அவள் எண்ணம். விசாரித்துப் பார்த்ததில்லை என்பதால் வெளியே சொல்வதில்லை.

சாலவாக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் அவள் பட்டியல் எழுத்தர். விவசாயிகள் நெல்லைக் கடித்துப் பார்த்து, "காஞ்சிடுச்சிமா, கல்லு மாதிரி கீது" என்பார்கள். அவள் ஈரப்பத மீட்டரில் ஒரு கை நெல்லைப் போட்டு, "பதினெட்டு காட்டுதுங்க, ஒரு நாள் காயட்டும்" என்பாள். அதனால் அந்தப் பக்கம் அவளுக்கு மீட்டரு என்றே பெயர்.

வண்டியின் ஆர்.சி. அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் புகைச் சான்றிதழ் வேண்டும். திங்கட்கிழமை புகை சோதனைக்குப் போனாள். அரைக்குக் கீழே இருக்க வேண்டிய எண், திரையில் 2.1 என்று வந்தது.

வீட்டில் அண்ணன் ஜெகன் காத்துக்கொண்டிருந்தான். கார் நிற்கும் கொட்டகைமீது அவனுக்கு ஒரு வருஷமாகக் கண்.

"டிராக்டரு மழைல நனையுது. உன் ஓட்ட காரு சொகுசா நிழல்ல கீது. இந்த நியாயம் எந்த ஊர்ல கீது?"

"ஓட்டையா? ஓட்டிப் பாத்துட்டு சொல்லுண்ணா."

"அதான் ஃபெயில் ஆயிடுச்சே, இன்னும் இன்னா ஓட்டறது. படப்பைல ஸ்கிராப் எடுக்கறவன் கீறான். வந்து தூக்கிக்கினு பூடுவான்."

அப்போதுதான் அவள் அந்த வார்த்தையை விட்டாள். "வெள்ளிக்கிழமை பாஸ் ஆவலன்னா சாவிய நானே உன் கைல குடுக்கறேன். சனிக்கிழமை உன் ஆள வரச் சொல்லிக்கோ."

ஜெகன் அங்கேயே போனை எடுத்துப் படப்பைக்குப் பேசினான். சனிக்கிழமை காலை பத்து மணி என்று முடிவானது. கீதா உள்ளே போய், ஏன் அப்படிச் சொன்னோம் என்று வெகுநேரம் யோசித்தாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கன்னியப்பன் ஷெட்டுக்குப் போனாள். இந்த வண்டி ரைஸ்மில்காரரிடம் இருந்த காலத்திலிருந்தே அவர்தான் மெக்கானிக். டீ கிளாஸும் கையுமாக நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா மீட்டரு, ஃபெயிலாமே," என்றார் கன்னியப்பன்.

"ஆமாண்ணே. ரெண்டு புள்ளி ஒண்ணு."

"ஆவாம இன்னா பண்ணும். கம்பெனிக்காரன் குடுத்த ஃபில்டர கயட்டிட்டு, ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஒண்ண மாட்டி வெச்சிக்கீற. நோண்டாத நோண்டாதன்னா கேக்கறியா."

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். கீதாவுக்குக் காது சுட்டது. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்பதுதான் அதிகம் சுட்டது.

"சரி வுடு, மூஞ்ச தொங்கப் போடாத. நம்ம பையன் ஒருத்தன் சென்டர் வெச்சிக்கீறான். வண்டியே போவ வாணாம், போட்டோ அனுப்பினா போதும். சீட்டு வந்துடும்."

"வாணாம்ணே."

"ஏன், கௌரவம் கொறஞ்சிடுமா? அப்ப இன்னொண்ணு செய். சென்டர் வாசல்ல அரை அவரு ஐடில்ல வுட்டு வை. அப்பறமா உள்ள வுடு, பாஸ் ஆயிடும். எல்லா வண்டிக்கும் நான் அதான் சொல்றது."

"அரை மணி நேரம் நின்னா ஏன்ணே பாஸ் ஆவும்?"

"ஏன்னா இன்னா ஏன்னு கேட்டுக்கினு. ஆவும். அவ்ளோதான்."

"அப்ப சீட்டு வரும். வண்டி சரியாவாது."

"ஒனக்கு சீட்டு வேணுமா, சரியாவணுமா?"

"ரெண்டும்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மாலை பழைய ஃபில்டர் டப்பாவையே திரும்ப மாட்டினாள். ப்ளக்குகளைக் கழற்றிக் கரியைத் துடைத்தாள்; சைலன்சர் வாயையும் துடைத்தாள். சாலவாக்கம் வரை போய் வந்தாள். விரலை வைத்தாள். கரி. ஆக, கோன் ஃபில்டர் காரணம் இல்லை. அவளுக்கு நிம்மதி வரவில்லை. 'என் தப்பாக இருக்கக்கூடியவை' என்று நோட்டில் தலைப்பிட்டுப் பதினோரு வரி எழுதினாள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. கன்னியப்பன் சொன்ன அந்த அரை மணி நேரம் மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நின்றால் சுத்தம், ஓடினால் கரி. தன் நோட்டில் இருப்பதையேதான் அவரும் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய பக்கங்களைப் புரட்டினாள். ஆறு வருஷமாக ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி. தேதி, தூரம், பெட்ரோல், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எங்கே நின்றது என்பது. முள்ளுக்கான கட்டத்தில் 'கால்' என்றே எழுதியிருந்தது. நெடுஞ்சாலையில் போன நாட்களில் 'காலுக்கும் கீழே' என்று எழுதிப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தாள். பெருமைக்காகப் போட்ட நட்சத்திரம். "என் கை பட்ட வண்டில முள்ளு கால தாண்டாது" என்று கன்னியப்பன் சொல்லும்போதெல்லாம் அவளும் தலையாட்டியிருக்கிறாள். நெல்லின் ஈரத்தை யார் வாய்ச்சொல்லையும் நம்பி எழுதாதவள், இதை நம்பியிருக்கிறாள்.

அவள் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் மாலை வகுப்பின் அலமாரியில், கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானி ஒன்று கிடந்தது. ஒரு பொத்தானை மாற்றினால் பொருட்களின் சூட்டையும் நூறு டிகிரி வரை காட்டும். புதன்கிழமை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பானட்டைத் திறந்து, எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியே வரும் குழாய்க்கு நேரே நீட்டினாள். ஐம்பத்து நான்கு. அரை மணி நேரம் நிற்க வைத்தே ஓடவிட்டு மறுபடி பார்த்தாள். எண்பத்தாறு. சர்வீஸ் புத்தகத்தில் எண்பத்தெட்டு என்று போட்டிருந்தது.

ஓடும்போது முகத்தில் அடிக்கும் காற்றே எஞ்சினைக் குளிர்வித்துவிடுகிறது. இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக்கொண்டு வண்டி பெட்ரோலைக் கொட்டுகிறது. ஆறு வருஷமாக அது முழுதாக விழித்துக்கொண்டதே இல்லை.

தண்ணீரை வடித்துவிட்டுக் குழாயின் மூடியைத் திறந்தாள். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் அது. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைத்து, சூடேறியதும் திறக்கும் உள்ளங்கை அகல வால்வு. அங்கே வெறும் துருவின் வட்டம்தான் இருந்தது.

கன்னியப்பனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, தெர்மோஸ்டாட் எங்க?"

"எப்பவோ எடுத்துட்டேன். பத்து வருசம் ஆவுது. நம்மூரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு? இது இன்னா ஊட்டியா? ஒரு நாளாவது வண்டி கொதிச்சி நின்னுதா, சொல்லு."

"இல்ல."

"அப்பறம் இன்னா?"

"மாட்டப் போறேன்ணே."

"மாட்டு. அது நடுவழில மூடிக்கினுதுன்னா தண்ணி கொதிச்சி ஹெட்டு வளஞ்சி பூடும். எஞ்சினே காலி. அப்ப எங்கிட்ட வராத."

அவர் பயம் காட்டவில்லை. நடக்கக்கூடியதுதான்.

வியாழக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, பஸ் ஏறி, உதிரி பாகக் கடைகள் இருக்கும் சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனாள். ஏழு கடை ஏறி இறங்கி, ஒன்றுக்கு இரண்டாகத் தெர்மோஸ்டாட் வாங்கி வந்தாள். வந்ததும் அடுப்பைப் பற்ற வைத்துப் பால் குண்டானில் தண்ணீர் ஊற்றி, இரண்டையும் உள்ளே போட்டாள். அம்மா ராணியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, எந்த ஊர் கொழம்பு?"

"சும்மா இரும்மா. எண்பத்தெட்டுல தொறக்குதான்னு பாக்கறேன்."

"எம் பால் குண்டான்தான் கெடச்சிதா ஒனக்கு."

சொன்னாளே தவிர அம்மா நகரவில்லை. கீதா வெப்பமானியைத் தண்ணீருக்கு நேரே பிடித்து எண்களைச் சொன்னாள். எண்பத்தேழில் ஒன்று மெதுவாக வாய் திறந்தது. மற்றது திறக்கவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அப்போதும் திறக்கவில்லை.

"அது மூடிக்கினே கீதே," என்றாள் அம்மா.

பார்க்காமல் மாட்டியிருந்தால் பாதி வழியில் எஞ்சின் போயிருக்கும். திறந்ததை எடுத்து ஆறவைத்து மறுபடி போட்டாள். ஐந்து தடவை. ஐந்து தடவையும் திறந்தது. ஆறாவது தடவை திறக்குமா என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. மாட்டினாள். இரண்டு போல்ட். டக். டக்.

வெள்ளிக்கிழமை காலை கீதா சைலன்சர் வாயைத் துணியால் துடைத்து வைத்தாள். ஜெகன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தான்.

"நீ எங்கண்ணா?"

"சாவி வாங்கத்தான். நீ அப்பறம் மாத்திப் பேசுவ."

ஊரைத் தாண்டியதும் முள் காலுக்கு வந்தது. ஆறு வருஷமாக நின்ற இடம். அவள் கண் சாலைக்கும் முள்ளுக்குமாக அலைந்தது. முள் காலைத் தாண்டியது. இந்த வண்டியில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. செய்யாற்றுப் பாலம் வரும்போது இன்னும் ஏறியிருந்தது.

"கீதா, ஏறுது பாரு," என்றான் ஜெகன்.

"தெரியுது."

"தெரியுதுன்னா நிறுத்து. கன்னியப்பன் சொன்னான் எங்கிட்ட. ஹெட்டு பூடுமாம்."

"பேசாம வா."

"இன்னும் ஏறுது. அடியே நிறுத்துடி, ஓரங்கட்டு."

அவள் கால் பிரேக் பக்கம் போனது உண்மை. வண்டி கொதிக்கப் போகிறது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. திறக்காத அந்த இன்னொரு வால்வு கண்முன் வந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தாள். ஐகான் உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஜெகன் கதவுப் பிடியைப் பிடித்தான். அந்த இழுப்பில் என்றைக்கும் இல்லாத ஒரு வழுவழுப்பு இருந்தது.

முள் பாதியில் நின்றது; வால்வு திறந்துவிட்டது. ஒரு மயிரிழை கீழே இறங்கி, திரும்ப வந்து, அங்கேயே நின்றது. பாலாற்றுப் பாலம் வரை அவள் அதை எட்டு தடவை பார்த்தாள். அசையவில்லை.

சோதனை மையத்தில் இவர்களுக்கு முன்னால் யாரும் இல்லை. "கொஞ்ச நேரம் ஐடில்ல வுடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் வுடுவாங்க," என்றார் அங்கிருந்தவர்.

"வாணாம் சார். இப்பவே குழாய விடுங்க."

"ஃபெயில் ஆச்சுன்னா திரும்ப வரணும்."

"ஆவட்டும். இப்பவே போடுங்க."

திரையில் எண் ஓடி ஓடி 0.28-ல் நின்றது. கீதா விரலைச் சைலன்சர் வாயில் வைத்து எடுத்து, ஜெகன் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் விரலாகவே இருந்தது.

பதினொரு மணிக்கு வண்டியைக் காட்டியும் முடிந்தது. திரும்பும் வழியில் ஜெகன் படப்பைக்குப் போன் செய்து, "நாளைக்கு வாணாம்பா," என்று மட்டும் சொன்னான். அங்கிருந்து கேட்ட கேள்விக்கு, "இல்ல, ஓடுது," என்றான்.

கீதா நேரே கன்னியப்பன் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்காமலே இறங்கி, சான்றிதழை அவர் பெஞ்சில் வைத்தாள். அவர் கையில் எடுக்காமல் குனிந்து படித்தார்.

"அரை அவரு வுட்டு வெச்சியா?"

"அரை நிமிசம் வுடல. அண்ணன கேளுங்க."

ஜெகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வுடலதான்," என்றான்.

கன்னியப்பன் எழுந்து உள்ளே போனார். ஆயில் டின் ஒன்றைத் தூக்கி வந்து பெஞ்சில் வைத்தார். உள்ளே தெர்மோஸ்டாட்டுகள். ஐம்பது அறுபது இருக்கும், இந்தச் சுற்றுவட்டாரத்துக் கார்கள், வேன்கள் எல்லாவற்றிலிருந்தும் எடுத்தவை. "இதுல எந்த வண்டியும் கொதிச்சது கெடையாது," என்றார். "உன்னுதும் இதுலதான் கீது. எதுன்னு தெரியாது."

"எல்லாமே கரி கக்கிக்கினுதான் ஓடுது, இல்லண்ணே?"

"சித்திரை வெயில் வரட்டும். அப்ப பேசு."

"வரட்டும். மத்தியானம் பன்னண்டு மணிக்கு இதே எடத்துல கொண்டாந்து நிறுத்தறேன். முள்ளு எங்க கீதுன்னு நீங்களே வந்து பாருங்க."

கன்னியப்பன் ஷெட்டை விட்டு இறங்கி வந்து, கண்ணாடி வழியாகக் குனிந்து முள்ளைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார்.

கீதா எஞ்சினை அணைத்துவிட்டு, டிக்கியைத் திறந்து கோன் ஃபில்டரை எடுத்தாள். கன்னியப்பன் பெஞ்சுக்கு எதிரேயே பானட்டைத் தூக்கி நிறுத்தினாள். அவர் ஸ்பேனரை நீட்டியபோது, "எங்கிட்ட கீதுண்ணே," என்றாள்.

அவள் கழற்றிக் கொடுத்த ஃபில்டர் டப்பாவை என்ன செய்வதென்று தெரியாமல் ஜெகன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். மேற்கே மழை கட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப என் டிராக்டரு?" என்றான்.

"நனையட்டும்," என்றாள் கீதா, தலையை நிமிர்த்தாமல்.