வயிற்றில் ஒரு வாசல்

ஏழு மாதமாக மதீனா பீவி அதை மூலம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ரத்தம் போனது. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தாள். நாட்டு வைத்தியர் கொடுத்த லேகியத்தைத் தின்றாள். யாரிடமும் சொல்லக்கூடிய இடத்திலா நோவு வந்திருக்கிறது? ரவிக்கை தொளதொளத்து, கைவளையல் முழங்கை வரை ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான் பக்கத்து அறைப் பூமாரி அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு சயன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே சோதித்துப் பார்த்தவர்கள் சீட்டு எழுதிப் பரேலுக்கு அனுப்பினார்கள். பரேல் என்றதும் பூமாரியின் முகம் வெளுத்துவிட்டது. அங்கே இருப்பது புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று தாராவியில் எல்லோருக்கும் தெரியும்.

1964, ஜூன் மாதம். முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் மதீனாவையும் அவள் புருஷன் ஜெயினுலாப்தீனையும் எதிரே உட்காரவைத்தார். மாதுங்காத் தமிழர். நாற்பது வயதிருக்கும். ஒரு காகிதத்தில் பென்சிலால் படம் போட்டார்.

"பாருங்கோம்மா, இது பெருங்குடல். இது அதோட கடைசி. கட்டி இங்கே இருக்கு. இந்தப் பாகத்தையே எடுத்துடணும். எடுத்துட்டா பழைய வழி இருக்காது, தைச்சு மூடிடுவோம். குடலோட மிச்ச முனையை இதோ, இடப்பக்கம் வயித்துல கொண்டுவந்து வெச்சுடுவோம். ஒரு வாசல் மாதிரி. இனிமே வெளிக்குப் போறதெல்லாம் அங்கேதான்."

ஜெயினுலாப்தீன் தலையைக் குனிந்துகொண்டார். பெட்டிப் பட்டறையில் இருபது வருஷமாகத் தோல் அறுக்கிறவர். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. மதீனா பார்த்தாள்.

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"செய்யலேன்னா?"

"ஒரு வருஷம் இருக்கலாம். கட்டி வழியை அடைச்சுடும். வலி தாங்காது."

அவர் அதைப் பூசி மெழுகாமல் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ நான் தொழ முடியுமா?"

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைச் சொல்லக் கூடாது. நீங்க உயிரோட இருந்தேள்னா, தெரிஞ்சவாளைக் கேட்டுக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் ஜெயினுலாப்தீன் சுவரோரம் உட்கார்ந்து அழுதார். "ஊருக்குப் போயிருவோம் புள்ள. மேலப்பாளையத்துல உங்க அண்ணன் இருக்காக. நல்ல காத்து, நல்ல தண்ணி. இந்தக் கோலத்துல உன்ன அறுக்க விட மாட்டேன்."

"ஊருக்குப் போயி என்ன செய்ய? மையத்தாங்கரையில குழிக்கு இடம் பாக்கவா?"

அவள் அடுப்பைப் பற்றவைத்தபடியே பேசினாள். ஒரே மகள் ரோஷன் உல்லாஸ்நகரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்; முழுகாமல் இருந்தாள், நான்காம் மாதம். "ரஜபு மாசத்துல பிள்ள பெறப்போறா. தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வராம எங்க போவா? அதுக்குள்ள நான் எந்திரிச்சு நடமாடணும். இன்னைக்கு அறுத்தாத்தான் அது நடக்கும். நாளைக்கே போயிச் சொல்லிட்டு வந்திருவோம்."

மறுநாள் சம்மதப் பத்திரத்தை எழுத்தர் ஜெயினுலாப்தீனிடம்தான் நீட்டினார். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு விழித்தார். மதீனா கையை நீட்டினாள். மூன்றாம் வகுப்பு வரை படித்த கை. எழுத்து எழுத்தாக, நிதானமாக, தன் பெயரை எழுதினாள். புருஷன் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

ரத்தம் வேண்டும் என்றார்கள். ஜெயினுலாப்தீன் கொடுத்தார். இன்னொரு பாட்டிலுக்கு யார் என்று அவர் யோசிப்பதற்குள் பூமாரியின் புருஷன் அய்யாத்துரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிற ஆள். அன்றைக்கும் விழத்தான் செய்தார், ஆனால் கொடுத்துவிட்டு விழுந்தார்.

அறுவை நாலரை மணி நேரம் நடந்தது. கண் விழித்தபோது மதீனாவுக்கு முதலில் தெரிந்தது தாகம். பிறகு வலி. வயிற்றில் நெடுகத் தையல், கீழே பின்புறம் இன்னொரு காயம், மூக்கில் ஒரு ரப்பர் குழாய். இரண்டு பக்கமும் புரள முடியாது. இருமல் வந்தால் உயிர் போய் வந்தது. மூன்றாம் நாளே சிஸ்டர் எழுந்து நிற்கச் சொன்னாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்காம் நாள் சன்னல் வரை போனாள். நடக்கச் சொன்னால் நடந்தாள். மூச்சை இழுத்து விடச் சொன்னால் விட்டாள். ஒன்றே ஒன்றை மட்டும் செய்யவில்லை. கட்டு மாற்றும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வார்டு சிஸ்டர் பாலக்காட்டுப் பெண். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்துப்போட்டுவிட்டு, துடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எந்தா, சுவத்துல சினிமா ஓடுதா? நாளையிலேருந்து இதை நீங்கதான் செய்யணும். பாக்காம எப்படிச் செய்வீங்க?"

மதீனா பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெற்றிலை போட்ட உதட்டைக் குவித்து வைத்ததுபோலச் செக்கச்செவேலென்று, ஈரமாக, தன் பாட்டுக்கு லேசாக அசைந்துகொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. "பஞ்சக் குடுங்க" என்றாள்.

பஞ்சை வாங்கித் துடைத்தாள். தொட்டால் வலிக்கவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்று வாரத்தில் சிஸ்டர் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். தினமும் ஒரே நேரத்தில் எனிமா டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, உயரத்தில் மாட்டி, சிவப்பு ரப்பர் குழாய் வழியாக உள்ளே விட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் வெளியேறிவிடும். பிறகு கழுவி, எண்ணெய் தடவி, மெல்லிய துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டால் நாள் முழுவதும் பெரும்பாலும் தொந்தரவிருக்காது.

ஆஸ்பத்திரியில் வெந்நீர் வந்தது, கதவுள்ள குளியலறை இருந்தது. தாராவியில் எட்டு அறைக்கு ஒரு குழாய். அதிலும் விடிகாலையில் ஒன்றரை மணி நேரம்தான் தண்ணீர். கக்கூஸ் சந்தின் கோடியில், வரிசையில் நிற்க வேண்டும். அங்கே போய் டப்பாவை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் வெளியே கதவை உடைத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே அறையின் மூலையைக் காட்டி, "இங்க ஒரு கம்பி கட்டுங்க" என்றாள் மதீனா. பழைய சேலை திரையானது. உள்ளே முக்காலி, மூடி போட்ட வாளி, சுவரில் ஓர் ஆணி. ஜெயினுலாப்தீன் ஆணியைத் தன் உயரத்துக்கு அடித்தார். அவள் கைக்கு எட்டவில்லை. பிடுங்கிக் கீழே அடித்தார், தண்ணீர் இறங்கவில்லை. மூன்றாம் தடவை சரியாக அமைந்தது. முதல் சில நாள் வாளியை அவரே எடுத்துக்கொண்டு போனார், முகத்தில் ஒன்றையும் காட்டாமல். பூமாரி மட்டும் கேட்டாள். மதீனா மறைக்காமல் சொன்னாள். மறுநாளிலிருந்து குழாயடியில் பூமாரி தன் குடத்துக்கு முன்னால் மதீனாவின் குடத்தை வைத்தாள். யாராவது முணுமுணுத்தால், "ஆப்பரேசன் பண்ணின உடம்பு, வாய மூடிக்கிட்டு நில்லுங்கடி" என்பாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

பள்ளிவாசலுக்குப் போய் ஆலிம்சாவிடம் கேட்டுவரச் சொல்லி மதீனா புருஷனை அனுப்பினாள். அவர் திரும்பி வந்து வாசலிலேயே நின்று சொன்னார்: "ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா கைகால் கழுவி ஒளு செஞ்சுகிட்டுத் தொழலாமாம். அதுக்கப்புறம் தன்னால கசிஞ்சா உம்மேல குத்தமில்லையாம்."

"ஆலிம்சா சொன்னாகளா, இல்ல என்னைத் தேத்த நீங்களாச் சொல்லுதீகளா?"

"அல்லா மேல ஆணையா அவுகதான் சொன்னாக. நோயாளிக்கு மார்க்கத்துல வழி இருக்குன்னாக."

அன்று நண்பகல் லுஹருக்கு அவள் தொழுதாள். பின்புறக் காயம் ஆறவில்லை, குனிய முடியாது. சுவரோரம் நின்றும், சைகையாலும். முடித்தும் வெகுநேரம் அந்த இடத்தை விட்டு அகலவில்லை.

அவளுக்குத் தையல் வேலை. அபுதாஹிரின் பட்டறையில் தைக்கும் தோல்பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுப்பாள். இரண்டு மாதம் உட்காரவே முடியவில்லை. ஜெயினுலாப்தீன் வட்டமாகத் தோல் வெட்டி, பஞ்சடைத்து, நடுவில் ஓட்டை விட்டு ஒரு திண்டு செய்துகொடுத்தார். ஆகஸ்டில் அதில் உட்கார்ந்து மிஷினை மிதித்தாள். பத்து நிமிஷம், எழுந்து நிற்பாள், மறுபடி பத்து நிமிஷம்.

தைத்த முதல் துணிக்கட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். நல்ல மழை. அபுதாஹிர் அண்ணனும் நான்கு ஆட்களும் இருந்தார்கள். துணிகளை அவர் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வயிற்றில் ஒரு புரளல். நிறுத்த முடியாது, பிடித்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இளஞ்சூடாகக் கட்டுக்குள் பரவி, சேலையில் இறங்கியது.

"என்ன நாத்தம்? சாக்கடை உடைச்சுக்கிச்சா?" என்றான் ஒருவன்.

மதீனா முந்தானையை இழுத்து முன்பக்கம் சுற்றிக்கொண்டாள். "அண்ணே, பாத்து வையுங்க. இப்ப வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள். ஓடவில்லை, ஓடினால் இன்னும் மோசமாகும். வீட்டுக்கு வந்து திரைக்குள் நின்று கழுவினாள். கழுவும்போது அழுதாள். இனி அந்தப் பட்டறை வாசலை மிதிக்கக் கூடாது என்று தோன்றியது. இந்தச் சந்தை விட்டே வெளியே போகக் கூடாது என்றும் தோன்றியது. வேறு சேலையை எடுத்து உடுத்தும்போது, இன்றைக்குப் போகாவிட்டால் பிறகு எப்போதுமே போக மாட்டோம் என்று பட்டது.

ஒரு மணி நேரத்தில் மறுபடி பட்டறையில் நின்றாள். "மழையில நனைஞ்சு போச்சுண்ணே, மாத்திட்டு வந்தேன். அடுத்த கட்டுக் குடுங்க." அபுதாஹிர் அவள் முகத்தைப் பார்த்தார். துணிக்கட்டை எடுத்துக் கொடுத்தார்.

முந்தின நாள் மொச்சைக் குழம்பு சாப்பிட்டிருந்தாள். மொச்சையை விட்டாள். முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தின்று பார்த்து, ஒத்துக்கொள்ளாததை விட்டாள். அந்த வாரமே உள்துணியில் ஓர் இடுப்புப் பட்டை தைத்தாள்: உள்ளே ரப்பர் துணி, இடப்பக்கம் மடிப்புத்துணி வைக்க ஒரு பை, பக்கவாட்டில் இழுத்து இறுக்க மூன்று கொக்கிகள். முதல் பட்டை உருண்டு மேலே ஏறியது. இரண்டாவது தோலை உரித்தது. மூன்றாவதைக் கட்டிக்கொண்டு உல்லாஸ்நகர் வரை ரயிலில் போய் ரோஷனைக் கூட்டிவந்தாள். நவம்பரில் ரோஷனுக்குப் பெண் பிறந்தது. நாற்பது நாளும் மகளுக்கு வெந்நீர் வைத்து, பத்தியக் கறி ஆக்கிப் போட்டது மதீனாதான்.

மறு வருஷம் பிப்ரவரியில் சோதனைக்குப் போனபோது டாக்டர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத் தயங்கினார்.

"நன்னா இருக்கேள். அஞ்சு வருஷம் தவறாம வந்து காட்டணும், அதுக்கு முன்னாடி நான் ஒண்ணும் அடிச்சுச் சொல்ல மாட்டேன். உங்ககிட்ட ஒரு உதவி கேக்கலாமா? சுனாபட்டியிலேருந்து ஒரு அம்மா வந்திருக்கா. உங்களுக்கு வந்ததேதான். ஆப்பரேஷனுக்கு மாட்டேங்கறா."

சண்முகவடிவு என்று பெயர். முப்பத்தைந்து வயது. கட்டிலில் கால்களைக் குறுக்கிப் படுத்திருந்தாள். மதீனா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஊர் எது, எத்தனை பிள்ளைகள், புருஷன் எந்த மில் என்றெல்லாம் விசாரித்தாள். அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தனக்கு என்ன செய்தார்கள் என்று சொன்னாள்.

சண்முகவடிவு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் மதீனாவின் வயிற்றுப் பக்கமே போனது. "உங்களுக்கா? பாத்தா தெரியலியே." பிறகு குரலை இறக்கி, "நாத்தம் வராதாக்கா?" என்றாள்.

"சில நாள் வரும். வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். இம்புட்டு நேரமா உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். வந்துச்சா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"வீட்டுக்காரர் கிட்ட வருவாரா?"

"மூணு மாசம் வரல. பயந்துகிட்டுத் தள்ளியே படுத்தாக. இப்ப வாராக."

மதீனா தடுப்புத் திரையை இழுத்துவிட்டு, கொக்கிகளைக் கழற்றிக் காட்டினாள். சண்முகவடிவு சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "வலிக்குதா?" "இல்ல." ஆப்பரேஷனுக்குச் சரி என்று அவள் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு மதீனா பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

செவ்வாய்க்கிழமை போனபோது கட்டில் காலியாக இருந்தது. ஊருக்குப் போய்விட்டாளா? பாலக்காட்டு சிஸ்டர் மாடியைக் காட்டினாள். "காலைல எட்டரைக்கு உள்ள கொண்டுபோயாச்சு. நேத்து சாயந்தரம் அவளே கையெழுத்து போட்டா."

ஆப்பரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சியில் அவள் புருஷன் நெல்லையப்பன், மில் சட்டையோடு, இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதீனா தான் யார் என்று சொன்னாள். அவர் அவசரமாக எழுந்து கும்பிட்டார். "நான் என்ன செய்யணும்னே தெரியலம்மா" என்றார்.

"உக்காருங்க, சொல்லுதேன்" என்றாள் மதீனா. "வீட்டுல ஒரு மூலை ஒழிச்சு வையுங்க. திரை கட்ட ஒரு கம்பி, ஒரு முக்காலி, மூடி போட்ட வாளி. ரெண்டு கெஜம் மல் துணி, அரை கெஜம் ரப்பர் துணி. துணியை எங்கிட்டக் குடுங்க, நான் தைச்சுக் கொண்டாரேன். இடுப்பளவு மட்டும் அவ எந்திரிச்சப்புறம் எடுத்துக்கிடலாம்."

நெல்லையப்பன் சட்டைப் பையைத் துழாவினார். எழுதிக்கொள்ளக் காகிதம் கிடைக்கவில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.