வயிற்றுக் கணக்கு

நோய் வந்து ஊரையே வீட்டுக்குள் பூட்டியபோது எல்லோரும் ஒரே ஜோக்கைத்தான் சொன்னார்கள். "அடுத்த வருஷம் உங்க வார்டுல தொட்டில் பத்தாதுடி" என்று என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். மேலிடத்தில் அதை நிஜமென்றே நம்பி, எங்கள் பிரசவ வார்டுக்குப் பத்துத் தொட்டில் அனுப்பினார்கள். பிரித்துக்கூடப் பார்க்காமல் அவை மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. மாதம் எண்பது பிள்ளை பிறந்த இடத்தில் முப்பதுதான் பிறந்தது.

இருபத்திரண்டு வருடமாக இந்த வார்டின் தலைமை நர்ஸ் நான். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கல்யாண மண்டபங்கள் மூடிக் கிடந்தன. புருஷனுக்கு வேலை போய்விட்டது, பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம். இந்த லட்சணத்தில் பிள்ளை எங்கிருந்து வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! என் தங்கை கல்யாணமே இரண்டு தடவை தள்ளிப்போனது.

தலைமை அலுவலகத்துக்கு இதெல்லாம் புரியவில்லை. வார்டை மூடிவிட்டு, கர்ப்பிணிகளை நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போவதாகக் கடிதம் வந்தது. வலி எடுத்தவளுக்கு நாற்பது கிலோமீட்டர் என்றால் என்னவென்று எழுதியவருக்குத் தெரியாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மண்டபங்கள் மறுபடி திறந்த பிப்ரவரி மாதம் அது. அன்றைக்கே பதில் எழுதினேன்: "பத்தாம் மாதம் வந்து பாருங்கள். அறுபதுக்குக் குறைந்தால் நானே பூட்டுப் போடுகிறேன்."

அக்டோபர் கடைசி நாள் அதிகாரி வந்து நின்றார். ஒரு கையில் என் கடிதம், மறு கையில் புதுப் பூட்டு.

"பத்தாம் மாசம் இன்னியோட முடியுது சிஸ்டர். முப்பத்தாறுதான் பொறந்திருக்கு. என்ன சொல்றீங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற டாக்டரம்மா என் கையைக் கிள்ளினார்.

"சார், நீங்க பாத்தது காலண்டர்ல பத்தாம் மாசம். நான் சொன்னது வயித்துல. பிப்ரவரியிலேருந்து விரல் விட்டு எண்ணுங்க."

அவர் நிஜமாகவே எண்ணினார். பத்தாவது விரல் நவம்பரில் வந்து நின்றது.

"இதத் தெளிவா எழுதியிருக்கலாமே?"

"பிரசவ வார்டுலேருந்து பத்தாம் மாசம்னு எழுதினா வேற என்ன சார் அர்த்தம்?"

பூட்டை அவர் கீழே வைக்கவில்லை. "அடுத்த மாசம் மட்டும் கொட்டிடுமா? நம்பிக்கைய வெச்சு வார்டு நடத்த முடியாதும்மா."

"நம்பிக்கை எதுக்கு சார், கண்ணாலயே பாருங்க" என்று தாழ்வாரக் கதவைத் திறந்தேன். அன்றைக்கு செக்கப் நாள். பெஞ்சுகள் நிறைந்து, இடமில்லாத இரண்டு பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் ஒன்பது மாத வயிற்றை எங்கே மறைப்பது? செக்கப் நோட்டை அவர் முன்னால் விரித்தேன். நவம்பரில் தேதி கொடுத்திருந்தவர்கள் தொண்ணூற்றொரு பேர்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அப்போ இத்தன நாள் குறைஞ்சதெல்லாம் ஈடாயிடுமா?"

"எல்லாம் ஆகாது சார். இந்தக் கஷ்டத்துல ஒண்ணே போதும்னு நிறுத்திட்டவங்க இருக்காங்க. அது போனது போனதுதான். கல்யாணத்துக்காகக் காத்திருந்தவங்க வந்துட்டாங்க."

"கடைசி நேரத்துல இவங்க வேற எங்கயாவது போயிட்டா?"

முன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த என் தங்கைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "கல்யாணத்தத்தான் சார் தள்ளிப்போட்டோம். இதத் தள்ளிப்போட முடியாது. வலி வந்தா எங்க ஓடுறது?"

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். பூட்டு பைக்குள் போனது. நவம்பர் முடியும்வரை அவகாசம் எழுதிக் கொடுத்தார்.

இருபத்தொன்றாம் தேதி காலை அறுபத்தோராவது பிள்ளை பிறந்தது. உள்ளே என் தங்கை ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். நான் அதிகாரிக்கு போன் போட்டேன்.

"சார், மாடிப்படிக்கு அடியில கிடந்த பத்துத் தொட்டிலும் நெறஞ்சாச்சு. இன்னும் நாலு வேணும்."

அவர் சிரிப்பது கேட்டது. பிறகு கேட்டார், "எப்போ வேணும்? காலண்டர் கணக்கா, வயித்துக் கணக்கா?"

தங்கையின் கத்தல் நின்று, வேறொரு சின்னக் குரல் அழுதது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எந்தக் கணக்குல பாத்தாலும் இன்னிக்குத்தான் சார்" என்றேன்.