இரண்டாவது கதவு

பாத்திர அலமாரியைப் பார்க்க வீட்டுக்காரம்மா எந்த நேரமும் வந்துவிடுவார். அது அவருடைய அலமாரி. வேலை பிடித்திருந்தால் ஷெட் இன்னொரு வருஷத்துக்கு இவர்களிடமே இருக்கும். இல்லையென்றால், மகன் கார் நிறுத்த இடம் கேட்கிறான் என்று முன்பே காதில் போட்டு வைத்திருந்தார்.

பழைய மரச்சாமான்களுக்குப் புது நிறம் கொடுக்கும் அந்த ஷெட்டில் இரண்டே பேர்: அண்ணி, நாத்தனார். அலமாரியின் நீலப் பெயின்ட் காய்ந்திருந்தது. அண்ணி முதல் கதவில், பழசுபோல் காட்டும் மெல்லிய பழுப்புப் பூச்சான கிளேஸைத் தடவி, ஈரம் போகுமுன் துணியால் துடைத்தாள். செதுக்கிய இலைகளின் இடுக்கில் மட்டும் பழுப்பு நிழல்போல் தங்கியது.

இரண்டாவது கதவில் துணி வழுக்காமல் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. அழுத்தித் துடைத்தாள். பழுப்பு வரவில்லை. நீலத்துக்குள் இறங்கிக்கொண்டே போனது.

"சீலர் அடிச்சியா?"

"டேப் ஒட்டியிருக்கு பாருங்க அண்ணி."

பெயின்ட் மேல் அடிக்கும் காப்புப் பூச்சுதான் சீலர்; காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் பெயின்ட் கிளேஸைக் குடித்துவிடும். அதனால் சீலர் அடித்த கதவின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுவது இவர்கள் ஏற்பாடு. இரண்டு கதவிலும் டேப் இருந்தது.

"டேப்பைக் கேக்கல. உன்னைக் கேக்குறேன்."

நாத்தனார் முகம் மாறியது. "ரெண்டுக்கும் சேர்த்து டேப்பை முதல்லயே கிழிச்சு ஒட்டிட்டேன். நடுவுல போன் வந்துச்சு. திரும்பி வந்து பார்த்தா டேப் இருக்கு. அடிச்சிட்டோம்னு நினைச்சுட்டேன்."

"உங்கண்ணன் குளிக்கிறதுக்கு முன்னாடியே தலை சீவுற ஆளு. குடும்பமே இப்படித்தானா?"

இருவருமே சிரிக்கவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"மேல நீலம் அடிச்சிரலாமா அண்ணி?"

"ஈரத்து மேலயா? சும்மா இரு."

வீட்டுக்காரம்மா முதல் கதவைப் பார்த்தார். இரண்டாவதன் முன் குனிந்தார். "இது ஏன் இப்படி?"

"இப்ப இதுதான் பேஷன்..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"தப்பாப் போச்சும்மா," என்றாள் அண்ணி.

"தப்பா வந்ததுதான் நல்லா இருக்கு. மழைக்கு முந்தின வானம் மாதிரி. அந்தக் கதவு கடைச் சாமான் மாதிரி இருக்கு. அதையும் இதே மாதிரி பண்ணிடுங்க. ரெண்டும் ஒத்துப்போனா ஷெட் உங்களுக்கு. நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்."

அவர் போனதும் அண்ணி முதல் கதவுப் பக்கம் திரும்பினாள். முதல் கதவில் சீலர் இருக்கிறது. எவ்வளவு கிளேஸ் தடவினாலும் துடைத்தால் வந்துவிடும். தேய்த்து, மறுபடி நீலம் அடிக்க வேண்டும். அண்ணி உப்புத்தாளை நீட்டினாள்.

"நல்லா வந்ததைப் போய்த் தேய்க்கச் சொல்றீங்களே."

"தேய்."

மறுநாள் நீலம் காய்ந்திருந்தது. தேய்த்ததில் பழைய டேப் போய்விட்டது. நேற்று வாங்கிய திட்டுக்குப் பயந்து, நாத்தனார் சொல்லாமலே சீலர் அடித்து வைத்திருப்பாளோ? அண்ணி விரலால் கதவைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"அடிச்சியா?"

"இல்ல."

"நினைச்சு சொல்றியா, தெரிஞ்சு சொல்றியா?"

"டப்பா மூடியையே திறக்கல அண்ணி."

அண்ணி கதவு முழுக்கக் கிளேஸைத் தடவினாள். வாசலில் கேட் சத்தம். நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி துணியை வைத்துத் துடைத்தாள். பழுப்பு வரவில்லை.

துணி இழுபட்டது.