அசைந்துபோன படங்கள்

"அந்தப் பெட்டிய நான் திறந்து பாக்கட்டுமா?"

"என்னை எதுக்கு அத்தை கேக்குறீங்க? உங்க புள்ள வாங்கினது."

"என் புள்ள வாங்கினதுதான். ஆனா உன் புருஷனோட பெட்டி. நீ வேணாம்னு சொன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"திறங்க. உள்ள பூச்சி கீச்சி அடைஞ்சிருக்கப் போகுது."

அவ்வளவுதான் அன்று பேச்சு. பாத்திரம் துலக்கிக்கொண்டே அத்தை கேட்டார், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்துவிட்டார். மொட்டை மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டின் நடுவில் நின்றபடி மருமகள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றைக் கேட்பதென்றால் இந்த அத்தைக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது! தனக்கு மட்டும் வாய் வரைக்கும் வந்த சொல் ஏன் தொண்டைக்குள் இறங்கிக்கொள்கிறது?

மேலே இருட்டில் கேமரா 'கிளிக்' என்றது. அதைத் தொடர்ந்து அத்தையின் குரல் தணிவாகக் கேட்டது. "மூச்சைப் பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க."

அத்தை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நாக்கு ஓய்வு பெறவில்லை. நெஞ்சைக் காட்டி நின்றவர்களிடம் சொன்னதையெல்லாம் இப்போது நட்சத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருமகள் சத்தம் வராமல் திரும்பி, வந்த வழியே இறங்கினாள். இன்றும் கேட்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தது, அவள் கணவனின் டெலஸ்கோப்பையும் கேமராவையும் தாங்கி நிற்கும் மவுண்ட். சும்மா தாங்குவதோடு நிற்காது, எந்த நட்சத்திரம் வேண்டும் என்று சொன்னால் தானே திரும்பிப் பிடிக்கும். பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே போகுமல்லவா, அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் தானும் மெல்ல நகரும். அப்படிப் பிடித்துவைத்தால்தான் நீண்ட நேரம் லென்ஸைத் திறந்துவைத்துப் படம் எடுக்க முடியும். அவன் இரண்டு வருடம் ஆசைப்பட்டு வாங்கினான். மழைக்காலம் ஆரம்பித்த நேரம் அது. மேகம் விலகட்டும் என்று பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தான். மேகம் விலகியபோது அவன் இல்லை. காலையில் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனவனை, மதியம் அம்மா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள் மருமகள். காரியங்கள் முடிந்ததும் சித்தப்பா வந்து, கிளம்பு என்றார். அத்தை வாசலில் நின்று, "அவ இஷ்டம். ஆனா அவ துணி இங்க காயுது, காயட்டும்" என்று மட்டும் சொன்னார். மருமகள் துணியை எடுக்கப் போகவில்லை. அன்றிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே கூரையின் கீழ், ஒருத்தியின் காபிக்கு மற்றவள் சர்க்கரை போட்டு வாழ்ந்துவருகிறார்கள். மருமகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்கும் பயந்தாங்கொள்ளிகளுக்கும் கார் கற்றுக்கொடுப்பவள். அதனால் அத்தைக்கு அவள் 'டிரைவரம்மா'.

பெட்டியைத் திறந்த பிறகு அத்தைக்கு வேறு நினைப்பே இல்லை. முதல் நாள் பெரிய கூத்து. மவுண்டைத் தரைமட்டம் பார்த்து நிறுத்தி, வடக்கே துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பி, ஊர், தேதி, நேரம் எல்லாம் ரிமோட்டில் தட்டினார். நாம் எழுதுகிற வழக்கப்படி நாளை முதலில் போட்டார். இயந்திரமோ அதை மாதம் என்று எடுத்துக்கொண்டது. வேடன் என்கிற ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டு என்றதும், ரொம்ப நிச்சயமாகத் தெரிந்ததுபோல ஒரே சீராகத் திரும்பிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் குறிபார்த்து நின்றது. "தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்கவா என் புள்ள இவ்வளவு காசு குடுத்தான்?" என்று கடைக்காரரைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். தேதியை மாற்றிப் போடச் சொன்னார் அவர். மறுநாள் அது சரியாக வேடனின் இடுப்புக்குப் போய் நின்றபோது அத்தை கீழே ஓடிவந்து மருமகளின் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனார். கேமராவின் சின்னத் திரையில், வேடனின் இடுப்பில் தொங்கும் வாளின் நடுவில், யாரோ ஊதிவிட்ட மூச்சுபோல இளஞ்சிவப்பாக ஒரு புகைத் திட்டு.

"இதைத்தான் அவன் பாக்கணும்னு சொல்லிட்டிருந்தான்" என்றார் அத்தை.

அது நல்ல நாள். கெட்ட நாட்கள் அப்புறம் வந்தன.

பயிற்சிப் பள்ளிக்கு ஒரு கால்நடை மருத்துவர் கற்றுக்கொள்ள வந்தார். எருமைக்கு ஊசி போடப் பயப்படாதவர், கிளட்சைக் கண்டால் நடுங்குவார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டுக் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்பார். தெரு நாய் குறுக்கே வந்தால் காரை நிறுத்தி இறங்கி, அதன் காதைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். இதையெல்லாம் மருமகள் சாப்பிடும்போது சொல்வாள். அத்தை சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிப்பார். "உன் மாட்டு டாக்டர் இன்னிக்கி எதை இடிச்சார்?" என்பது வீட்டில் தினசரிக் கேள்வியாகிவிட்டது.

உரிமம் வாங்கிய அன்று அவர் அவளிடம் கேட்டுவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. உங்களோடு வாழ விருப்பம், உங்கள் கதை எனக்குத் தெரியும், அவசரமில்லை என்றார். ஆனால் அவசரம் தானாக வந்தது. வேறு ஊரில் ஒரு மருத்துவமனையை அவர் எடுத்து நடத்தப் போகிறார். மாதக் கடைசியில் கிளம்பவேண்டும். நான் வந்து உங்கள் அத்தையிடம் பேசட்டுமா என்று கேட்டதற்கு, கூடாது, அது நான்தான் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிப் பேசுவது? மகனைப் பறிகொடுத்தவரிடம் போய், எனக்கு இன்னொரு வாழ்க்கை கிடைத்திருக்கிறது, நீங்கள் தனியாக இருந்துகொள்ளுங்கள் என்பதா? மனசுக்குள் ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு விதமும் முந்தினதைவிடக் கேவலமாக இருந்தது. மருத்துவரைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வதும் தானாக நின்றுபோனது. அத்தை கேட்டதற்கு, "கத்துக்கிட்டுப் போயிட்டார்" என்றாள். அத்தை, "ஓகோ" என்றார்.

வீட்டுக்குள் அத்தை ஓர் இடத்தில் உட்காரமாட்டார். மேலே மாடியில்தான் அமைதியாக இருப்பார். ஆகவே வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று படியேறுவாள். இருட்டில் கண் கூசாமலிருக்க அத்தை நெற்றியில் கட்டிய சிவப்பு விளக்கு தெரியும். மகனின் பழைய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த மவுண்டின் மேல் ஒரு கையை வைத்தபடி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்ததும் மருமகள் அங்கேயே நின்றுவிடுவாள். திரும்பிவிடுவாள். இப்படித்தான் தினமும் நடந்தது.

இந்த நாட்களில்தான் அத்தையின் படங்கள் கெட்டுப்போக ஆரம்பித்தன. நிறையப் படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்தப் புகைத் திட்டு தெளிவாக வரும். ஆனால் எடுத்தவற்றில் சிலவற்றில் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லை. எழுதத் தெரியாத குழந்தை பேனாவை வைத்து இழுத்ததுபோல வாலும் கொக்கியுமாக இருந்தன. அத்தை எடைக்கல்லை நகர்த்திப் பார்த்தார், திருகுகளை இறுக்கினார், காற்று அடிக்காமலிருக்கப் போர்வை கட்டினார். எதற்கும் மசியவில்லை. அவருடைய முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. ஒருநாள் சாதத்தைப் பிசைந்தபடியே, "ஆசை ஆசையா வாங்கினான். ஊனமானதைத் தலையில கட்டிட்டானுங்க" என்றார். சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

கடைக்காரர், பல்சக்கரத்தில் கோளாறு இருக்கலாம், கெட்ட படங்களைத் தனியாக எடுத்துவையுங்கள், மவுண்டைத் திருப்பி அனுப்புங்கள் என்றார். விடுமுறை நாள் காலையில் அத்தை சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். காபி கொண்டுவந்த மருமகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். நல்ல படம், நல்ல படம், பிறகு கொக்கி விழுந்த படம், அடுத்ததிலும் கொக்கி. பிறகு மறுபடி எல்லாம் நன்றாக. ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த நேரம் இருந்தது. பயிற்சிப் பள்ளி சீக்கிரம் விட்ட நாளில் கொக்கி சீக்கிரம் விழுந்திருந்தது. மாணவி ஒருத்தி வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதால் தாமதமாக வந்த நாளில் தாமதம். அவள் தலைவலி என்று படுத்துவிட்ட நாளில் ஒரு படம்கூடக் கெடவில்லை.

காபி தட்டில் தளும்பியது.

மின்சார இணைப்பு படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அத்தை மவுண்டை அங்கேதான் நிறுத்துவார். அந்த இரும்புப் படிக்கட்டு மாடித் தளத்தோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. தொந்தரவு கூடாதென்று அவள் எவ்வளவு மெதுவாகக் கால் வைத்தாலும், அவள் ஏறியதும் இறங்கியதும் அந்த நட்சத்திரங்களில் பதிந்துவிட்டிருந்தன.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், நீ எதற்கு வந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் தட்டைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாள் முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். ஒரு குற்றமும் செய்யாத இயந்திரத்தின் மேல் பழி. அதுவும் யாருடைய இயந்திரம்! அவன் தொட்டுப் பார்த்து, மேகம் விலகட்டும் என்று காத்திருந்தது. தன் கோழைத்தனத்தால் அது ஊனம் என்று பெயர் வாங்கி, பெட்டிக்குள் கட்டப்பட்டுப் போகப்போகிறது. அத்தையிடமிருந்து மகனை இரண்டாவது தடவையும் பறிப்பது போலல்லவா இது?

பொழுது சாய்ந்ததும் மாடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. மருமகள் படியேறினாள். இந்தத் தடவை மெதுவாக ஏறவில்லை. படிக்கட்டு கிணுகிணுவென்று அதிர்ந்தது.

அத்தை மவுண்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, பஞ்சை ஓரங்களில் திணித்துக்கொண்டிருந்தார். வானத்தில் முதல் நட்சத்திரங்கள் வர ஆரம்பித்திருந்தன.

"அதை வெளிய எடுங்க அத்தை. அதுல ஒரு கோளாறும் இல்ல."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் விளக்கு இல்லாததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

"நான்தான். தினமும் படியில ஏறி வந்துட்டு, திரும்பிப் போயிடுவேன். அந்த அதிர்வுதான் படத்துல விழுந்திருக்கு. காலையில பாத்தப்பதான் புரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அத்தை கையிலிருந்த பஞ்சை மடியில் போட்டுக்கொண்டு தரையில் அப்படியே உட்கார்ந்தார். எப்போதோ ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறவர்போல, அவளைப் பார்க்காமல் பேசினார்.

"எக்ஸ்ரே ரூம்ல சின்னப் பசங்க படம் கெட்டுப்போச்சுன்னா உடனே மெஷினைத்தான் குறை சொல்லுவாங்க. நான் அவங்களைத் திட்டுவேன். மெஷின் ஆடினா ஒரே மாதிரி ஆடும்டா, இது ஆளு அசைஞ்சதுன்னு. எனக்கே இப்ப அது தோணல பாரு. அவன் பொருள்ங்கவும் புத்தி மழுங்கிப்போச்சு." சற்று நிறுத்தினார். "ஆனா அசைஞ்சவங்களை நான் ஒருநாளும் திட்டினதில்ல. சும்மா யாரும் அசையமாட்டாங்க டிரைவரம்மா. வலி இருக்கிறவங்களால அசையாம நிக்க முடியாது."

மருமகள் பெட்டிக்கு அருகில் வந்து நின்றாள்.

"இத்தனை நாளா ஏறி ஏறி இறங்கியிருக்க. நான் என்ன புலியா சிங்கமா? சொல்லு. எங்க வலிக்குது?"

அவள் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. மருத்துவர் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கலாமா, மாதக் கடைசியைச் சொல்லலாமா, முதலில் மன்னிப்புக் கேட்கலாமா என்று மனசு பழையபடி அலைந்தது. மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. அவள் கை பெட்டியின் மேலாக நீண்டு அத்தையின் குளிர்ச்சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

"அந்த மாட்டு டாக்டர் என்னைக் கேக்குறாரு அத்தை. எனக்கும் இஷ்டம்தான். ஆனா சித்தப்பாகிட்ட நான் போய் நிக்கமாட்டேன். எனக்கு அம்மான்னு இருக்கிறது நீங்கதான். நீங்களே என்னை அவருக்குக் கட்டிக் குடுங்க."