ஆஃபர் முடிந்த மாதம்

"உன் வாயில என்னட்டி, கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று விஜய்பாண்டி அத்தான் ஒருமுறை என்னைக் கேட்டார். சுரண்டையிலிருந்து போனில். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா சுஜிதா அப்போது என் எதிரில்தான் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கிப் போய், வளையலை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அத்தான் கதவிடுக்கில் வைத்து நெரித்த கை அது.

பேச வேண்டிய நேரத்தில் எனக்குப் பேச வராது. பத்தாம் வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்றுகொண்டே இருப்பேன். அப்பா இறந்த பிறகு ஐந்தருவி ரோட்டில் அம்மாவின் பழக்கடைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அக்கா வந்த மறுவாரம் பெரியப்பா இசக்கிப்பாண்டி எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை வைத்தார். நாங்கள் இருக்கும் வீடு அவர் பெயரில் இருக்கிறது. அத்தானும் அவருடைய அண்ணனும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன் பெரியப்பா. வேலை பாத்து என் பாட்டைப் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

பெரியப்பா மீசையைத் தடவினார். "சரி. அவ சம்பாதிக்குத வரைக்கும் இங்கன இருக்கட்டும். வேலை போச்சுன்னா அன்னைக்கே புருஷன் வீட்டுக்குப் போயிரணும். இதுக்கு மேல நம்ம வீட்டுக் கதையை நாலு பேரு பேசக் கூடாது. என்ன மாப்ள?"

அத்தான் சிரித்தார். "இவளுக்கு எவன் வேலை குடுப்பான்? சரி மாமா, நான் காத்திருக்கேன்" என்றார்.

ஆனால் வேலை கிடைத்தது. மருத்துவமனை பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் வயர் வழியாக வரும் இணைப்பு இருக்க வேண்டும். செல்போன் நெட்டில் பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் செல்போனில் பேசுவதே பாடு. அதனால் பிராட்பேண்டும் டிவியும் சேர்ந்த ஒரு வருட ஆஃபரில் சேர்ந்தோம். அக்கா உள்ளறையில் காதில் ஹெட்செட்டோடு வேலை செய்வாள். அம்மா கடையை மூடிவிட்டு வந்து சத்தமில்லாமல் சீரியல் பார்ப்பாள். மோடத்தில் பச்சை விளக்கு எரியும். காலையில் எழுந்ததும் அக்கா முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

ஆனி மாதம் ஆஃபர் முடிந்தது. இனிமேல் மாதத் தொகை ஏறக்குறைய இரட்டிப்பு என்று மெசேஜ் வந்தது.

"கட்டிருவோம்மா" என்றாள் அக்கா.

அம்மாவுக்கு மனசாகவில்லை. அந்த வருடம் வெள்ளம் அதிகம் என்று அருவியில் அடிக்கடி குளிக்கத் தடை போட்டார்கள். அந்த நாட்களில் கூட்டம் வராமல் மங்குஸ்தான் கூடையிலேயே கறுத்தது. "கேட்ட விலையைக் குடுக்கதுக்கு நாம என்ன மெட்ராசுல இருந்தா வந்திருக்கோம்? நான் பேசுதேன் பாரு."

"யம்மா, நீ ஒண்ணும் பேசாண்டாம். நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் சரியாகாத கையை டாக்டரிடம் காட்டுவதற்குத் தென்காசிக்குப் போனாள். அவள் பஸ் ஏறியதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த நம்பரைப் போடுட்டி. சத்தமா கேக்க மாதிரி வையி."

கஸ்டமர் கேரில் ஒரு பெண் பேசினாள். இனிமையான குரல். அம்மா முதலில் கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவது போலவே ஆரம்பித்தாள்.

"ஏம்மா, சாப்பிட்டியா? எந்த ஊரு உனக்கு?"

"உங்களுக்கு எப்படி உதவலாம் மேடம்?"

"போன வருசம் குடுத்த விலைக்கே குடு. ஒரு வருசமா உங்ககிட்டதான வாங்குதோம்? பழகின ஆளுக்கு விலையைக் கூட்டுவாவளா யாராச்சும்?"

"அது புது வாடிக்கையாளர்களுக்கான ஆஃபர் மேடம்."

"அப்ப பழைய ஆளுன்னா இளக்காரமா? சரி, அந்த டிவியை எடுத்துக்கோ. நெட்டை மட்டும் குடு. விலையைக் குறை."

"இரண்டும் சேர்ந்த பிளான்தான் இருக்கு மேடம்."

"பலாப்பழம் வேணும்னா முள்ளையும் சேத்துத் தின்னுங்கியா நீ?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். இனி என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ரோட்டில் வியாபாரம் அப்படித்தான். விலை கேட்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். அம்மா அவரைப் பத்தடி போகவிட்டு, "அண்ணாச்சி, வாங்க, நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கிடுங்க" என்று கூப்பிடுவாள். நடந்தவருக்கும் தெரியும், கூப்பிடுவாள் என்று. கூப்பிடாமல் விட்டதை நான் பார்த்ததில்லை.

"அப்படின்னா எங்களுக்கு உங்க லைனே வேண்டாம். கட் பண்ணிரு" என்றாள் அம்மா.

"இணைப்பைத் துண்டிக்கக் கோரிக்கை பதிவு செய்யவா மேடம்?"

"நல்லாப் பதிஞ்சுக்கோ."

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அம்மா தட்டிவிட்டாள். ஓடிபி வந்தது. தராசில் எடையைப் படிப்பது போல ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னாள்.

"நன்றி மேடம். இனிய நாளாக அமையட்டும்."

போனை அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டாள். "இப்பக் கூப்பிடுவா பாரு" என்றாள். சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அக்கா திரும்பி வந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. விலையைக் குறைத்த பிறகு சொல்லலாம் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். என்னிடம் அதற்குத் தேவையே இல்லை.

மறுநாள் காலையில் விளக்கு சிவப்பாக இருந்தது. அக்கா மோடத்தை அணைத்துப் போட்டாள். வயரைப் பிடுங்கிச் செருகினாள். அப்போது வாசலில் பைக் நின்றது. லைன் பார்க்கும் பேச்சிராஜ் அண்ணன். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாட்டி, போன்ல கூப்பிடலைன்னாலும் ஆளையே அனுப்பிட்டான்! வாங்க தம்பி. எவ்வளவுக்கு முடிக்கச் சொன்னாவ?"

பேச்சிராஜ் அண்ணனுக்குப் புரியவில்லை. "நான் மோடத்தையும் டிவி பெட்டியையும் எடுக்க வந்தேன் ஆச்சி. நீங்கதான கட் பண்ணச் சொன்னிய?"

அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ட்டி. யாராச்சும் நெசமா வெட்டுவாவளா?"

"அண்ணே, முழுப் பணமும் கட்டிருதேன். இப்பவே திரும்பப் போட்டுக் குடுங்க" என்றாள் அக்கா.

"ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கம்பத்துப் பெட்டியில எட்டே வழிதான், எட்டு இடத்துக்குத்தான் லைன் குடுக்க முடியும். சீசனுக்கு லாட்ஜுக்காரங்க வரிசையில நிக்காவ. உங்க வழி காலியானதும் காலையிலயே எதுத்த லாட்ஜுக்கு மாத்திட்டாவ. நான்தான் ஏறி மாத்தினேன். உங்க வீட்டு வழின்னு அப்ப எனக்குத் தெரியாது." அவர் தலை குனிந்துகொண்டார். "சீசன் முடிஞ்சு புதுப் பெட்டி வைப்பாவ. அதுவரைக்கும் வழியில்ல."

வேறு கம்பெனி எங்கள் தெருவுக்கு வயர் இழுக்கவில்லை. அக்கா என் செல்போனை ஜன்னல் கம்பியில் கட்டி அதிலிருந்து வேலை செய்து பார்த்தாள். மழை கனத்ததும் நெட் போய்விட்டது. மேலதிகாரி கண்டுபிடித்து எச்சரித்தார். தென்காசியில் கூட வேலை செய்யும் நூருன்னிசா, "எங்க வீட்டுல வந்து இருந்து பாருக்கா" என்று கூப்பிட்டாள். பதிவு செய்த வீட்டு முகவரியில்தான் வேலை செய்ய வேண்டும் என்று கம்பெனி மறுத்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் அக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டதாக மெயில் வந்தது. அம்மா அதற்குள் கஸ்டமர் கேருக்கு எத்தனையோ தடவை போன் பண்ணிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பெண். ஒவ்வொருத்தியிடமும், "தாயீ, நீ சொன்ன விலைக்கே வாங்கிக்கிடுதேன், பிள்ளைக்கு வாழ்க்கைப் பிரச்சினை" என்று கெஞ்சினாள்.

பெரியப்பாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவர் வந்து வெற்றிலையைக்கூடத் துப்பாமல், "பேச்சு பேச்சுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அத்தான் வாடகைக் காரில் வந்தார். புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

அம்மா ஓடிப்போய் மறித்தாள். "மருமகனே, சீசன் முடியட்டும். லைன் வந்திரும், வேலையும் வந்திரும்."

"அதெல்லாம் உங்க வீட்டுப் பாடு அத்தை. பேசினது பேசினதுதான்."

"சரி, ஆடி முடிஞ்சு கூட்டிட்டுப் போங்க. ஆடியில பொண்ணை அனுப்ப மாட்டாவ."

"அது புதுப்பொண்ணுக்கு."

"அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இனிமே கை நீட்ட மாட்டேன்னு, எம் முன்னால ஒரு வார்த்தை."

அத்தான் காரின் மேல் விரல்களால் தாளம் போட்டார். "அவ ஒழுங்கா இருந்தா நான் ஏன் கை நீட்டப் போறேன்?"

"குடிச்சா மட்டுமாவது அவ ரூமுக்குப் போவாதிய. அதையாச்சும் ஒத்துக்கிடுங்க."

அம்மா இன்னும் குறைத்துக்கொண்டே போயிருப்பாள். எதுவரை போவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. நான் உள்ளறைக்குப் போனேன். அக்கா பையின் ஜிப்பைப் போட முயன்றுகொண்டிருந்தாள். இடது கை விரல்கள் மடங்கவில்லை. நான் போட்டுவிட்டேன். போகாதே என்று சொல்லியிருக்கலாம். பின்வாசல் வழியாகத் தென்காசி பஸ்ஸுக்கு ஓடிவிடு, நூருன்னிசா வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அக்கா கொஞ்சநேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு பையை வலது கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைத் தாண்டி, அத்தானைத் தாண்டி மழையில் நடந்தாள். கார்க் கதவைத் தானே திறந்து பின்சீட்டில் ஏறினாள்.